ஐஸை ஏற்றுவதா, வாயுவை ஏற்றுவதா: ஸ்பேஸ் இன்ஜினியர்ஸில் ஹைட்ரஜன் அறுவடைக் கப்பல்

கேள்வி இதுதான்: விண்கலங்களும் தளங்களும் கட்டி ஆடும் ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் என்ற கணினி விளையாட்டில் நான்கைந்து பேர் ஒரே ஃபேக்‌ஷனாக (அணியாக) ஒரு சர்வரில் ஆடுகிறார்கள். தளத்தில் ஹைட்ரஜன் எப்போதும் தட்டுப்பாடு. பூமி போன்ற கோளின் உறைந்த ஏரியிலிருந்து ஹைட்ரஜன் கொண்டுவர ஒரு சிறிய கிரிட் கப்பல் (சிறிய அளவுக் கட்டங்களால் கட்டுவது) வேண்டும். ஐஸை வெட்டி அப்படியே ஏற்றி வருவதா, கப்பலிலேயே பிரித்து வாயுவாகக் கொண்டுவருவதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவடைக் கப்பல் ஐஸை ஏற்றட்டும், பிரிக்கும் வேலையைத் தளம் பார்த்துக்கொள்ளட்டும். வாயுவாக ஏற்றுவது, கோளை விட்டு மேலே போகும் டேங்கருக்கு மட்டும்தான் லாபம். ஏன் என்பது கணக்கில் தெரியும். கீழே உள்ள எண்கள் எல்லாம் மாட் (ஆட்டக்காரர்கள் செய்த மாற்றங்கள்) இல்லாத முதல் பாகத்துக்கு. 2025 ஜனவரியில் முன்னோட்டமாக வந்த இரண்டாம் பாகத்துக்கு இவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அடிப்படை மாற்று விகிதம்: 1 கிலோ ஐஸ் 20 லிட்டர் ஹைட்ரஜன் தரும். ஐஸ் 1 கிலோவுக்கு 0.37 லிட்டர் இடம் பிடிக்கும். சிறிய கிரிட்டின் பெரிய கார்கோ கன்டெய்னர் 15,625 லிட்டர். அதில் 42,230 கிலோ ஐஸ் அடங்கும், அதாவது சுமார் 8,44,600 லிட்டர் ஹைட்ரஜன். சிறிய கிரிட்டின் பெரிய ஹைட்ரஜன் டேங்க் பிடிப்பதோ 5,00,000 லிட்டர்தான். ஒரு டேங்கைவிட ஒரு கன்டெய்னர் ஐஸில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாயு இருக்கிறது.

டேங்கின் பக்கம் ஒரே ஒரு பெரிய சாதகம் உண்டு. இந்த விளையாட்டில் டேங்குக்குள் இருக்கும் வாயுவுக்கு எடை கிடையாது. நிரம்பிய டேங்கும் காலி டேங்கும் ஒரே எடை. அதே 5,00,000 லிட்டரை ஐஸாக ஏற்றினால் 25 டன் கூடும். இதைப் பார்த்துத்தான் பலர் கப்பலிலேயே ஜெனரேட்டர்களை அடுக்குகிறார்கள். ஆனால் ஐஸை வாயுவாகப் பிரிக்கும் சிறிய கிரிட் ஓ2/ஹெச்2 ஜெனரேட்டர் ஒன்று வினாடிக்கு 5 கிலோ ஐஸைத்தான் பிரிக்கும், 100 லிட்டர் ஹைட்ரஜன் தரும். ஒரு டேங்க் நிரப்ப ஒரே ஜெனரேட்டர் என்றால் 5,000 வினாடி, ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். பத்து வைத்தாலும் 8 நிமிடம் 20 வினாடி. கப்பலில் இருப்பவர் அதுவரை ஏரியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தளத்தில் இருக்கும் பெரிய கிரிட் ஜெனரேட்டர் ஒன்றே வினாடிக்கு 25 கிலோ பிரிக்கும். அங்கே நான்கு இருந்தால் ஒரு கன்டெய்னர் ஐஸ் 7 நிமிடத்தில் முடிந்துவிடும், மின்சாரம் 2 மெகாவாட் போதும். அந்த 7 நிமிடத்தில் கப்பல் அடுத்த நடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் சர்வர் அட்மினிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இன்வென்டரி பெருக்கி (சரக்கு இடத்தை எத்தனை மடங்காக்கும் அமைப்பு) எவ்வளவு என்பது. இதைக் கேட்காமல் வடிவமைப்பவர்களே அதிகம். பெருக்கி 1 என்றால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். 10 என்றால் அதே கன்டெய்னர் 422 டன் ஐஸ் பிடிக்கும். ஆனால் சரக்கின் எடையை விளையாட்டு அதே பெருக்கியால் வகுத்துத்தான் கப்பல் மீது ஏற்றுகிறது. ஆகவே கப்பல் உணர்வது பழைய 42 டன்தான். டேங்கின் கொள்ளளவு பெருக்கிக்கு ஏற்ப மாறாது. பெருக்கி 10 உள்ள சர்வரில் ஒரு கன்டெய்னர் ஐஸ் 84 லட்சம் லிட்டருக்குச் சமம், டேங்க் அதே 5 லட்சம். அங்கே கப்பலில் பிரிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனி எடையும் உந்துவிசையும். கப்பல்கள் ஏரிக்குள் விழுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

ட்ரில் (ஐஸை வெட்டும் கருவி), கன்டெய்னர், பேட்டரி, கவசம் எல்லாம் சேர்த்துக் காலிக் கப்பல் 35 டன் என்று வைத்துக்கொள்வோம். கட்டி முடித்ததும் கன்ட்ரோல் பேனலின் தகவல் பக்கத்தில் உண்மையான எடையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கன்டெய்னர் நிரம்பினால் 77 டன். 1 ஜி, அதாவது பூமி அளவு ஈர்ப்பில் அதைத் தாங்க 758 கிலோநியூட்டன் வேண்டும். காற்றுள்ள இடத்தில் மட்டும் இயங்கும் உந்து எந்திரமான அட்மாஸ்ஃபெரிக் த்ரஸ்டரில், சிறிய கிரிட்டின் பெரியது ஒன்று 576 கிலோநியூட்டன் தரும். இரண்டு போட்டால் 1,152. ஒன்றரை மடங்கு இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும்.

தோன்றுவது தவறு. ட்ரில்களுக்கும் சொந்தமாக இன்வென்டரி உண்டு. ஒரு சிறிய கிரிட் ட்ரில் 3,375 லிட்டர் பிடிக்கும், அதாவது 9,120 கிலோ ஐஸ். ஆறு ட்ரில் என்றால் 54.7 டன். கன்டெய்னர் நிரம்பியதும் ட்ரில்கள் நிற்பதில்லை, தமக்குள்ளேயே சேர்த்துக்கொண்டே போகும். மொத்தம் 132 டன். தாங்க வேண்டிய விசை 1,294 கிலோநியூட்டன், இருப்பது 1,152. கன்டெய்னர் நிரம்பிய பின்னும் மவுஸை அழுத்திக்கொண்டே இருந்தால் கப்பல் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கும். எந்தப் பக்கமும் உடைந்திருக்காது, பேட்டரியும் இருக்கும், ஆனாலும் ஏறாது. அந்த நேரத்தில் காரணம் புரியாமல் திணறுவார்கள். ஆகவே மேல்நோக்கிய த்ரஸ்டர் மூன்று வையுங்கள்: 1,728 கிலோநியூட்டன். எல்லாம் நிரம்பினாலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு வழி: ட்ரில்லை அணைத்துவிட்டு, இன்வென்டரியில் இருந்து பத்துப் பதினைந்து டன் ஐஸை வெளியே போடுங்கள், கப்பல் எழும்பிவிடும்.

அடுத்தது பின்னோக்கிய உந்துவிசை. மூக்கில் ட்ரில் வைத்த கப்பலை ஏரிமீது 30 பாகை சாய்த்து வெட்டினால், எடையில் 87 சதவீதத்தை மேல்நோக்கிய த்ரஸ்டர்களும் 50 சதவீதத்தைப் பின்னோக்கித் தள்ளும் த்ரஸ்டர்களும் ஏந்த வேண்டும். கோணக் கணக்கு என்பதால் கூட்டினால் நூறு வராது, குழம்ப வேண்டாம். நிரம்பிய கப்பலுக்கு அந்தப் பாதி 647 கிலோநியூட்டன். பின்னோக்கி இரண்டு சிறிய த்ரஸ்டர், தலா 96 கிலோநியூட்டன், என்று வைத்திருந்தால் கப்பல் தான் வெட்டிய குழிக்குள் தானே வழுக்கிப் போகும். செங்குத்தாக மூக்கைக் கீழே திருப்பினால் முழு எடையும் அவற்றின் மேல்தான்.

ஏரிக்கென்றே கட்டும் கப்பலுக்கு ட்ரில்களை வயிற்றுப் பக்கம், கீழ் நோக்கி வைப்பதே நல்லது என்பது என் முடிவு. கப்பல் சமநிலையில் நின்றபடி ஏர் உழுவது போல முன்னே நகரும், எடை எப்போதும் மேல்நோக்கிய த்ரஸ்டர்கள் மேலேயே இருக்கும். ஒரு ட்ரில்லின் முகம் 3க்கு 3 கட்டம், சிறிய கிரிட்டில் ஒன்றரை மீட்டர். குறுக்காக மூன்று, அதற்குப் பின் மூன்று. லேண்டிங் கியர் ட்ரில்லின் நுனியைவிடக் குறைந்தது இரண்டு கட்டம் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரை இறங்கும்போது ட்ரில் முதலில் தட்டும். அப்போது ட்ரில் ஓடிக்கொண்டிருந்தால் நிற்க வேண்டிய இடத்தையே அது தின்றுவிடும். கீழே பார்க்க ஒரு கேமராவும் வையுங்கள், காக்பிட்டிலிருந்து வயிறு தெரியாது.

பிரேக்குக்கும் இதே கவனம் வேண்டும். 132 டன் கப்பல் வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வரும்போது பின்னோக்கி இரண்டு சிறிய த்ரஸ்டர் மட்டும் என்றால் நிற்க 69 வினாடி ஆகும், தூரம் 3.4 கிலோமீட்டர். தளத்தின் சுவரில் போய்த்தான் நிற்கும். ஒரு பெரிய த்ரஸ்டர் இருந்தால் 23 வினாடி, 1.15 கிலோமீட்டர். காலியாகப் போகும்போது அருமையாக நின்ற கப்பல் திரும்பி வரும்போது நிற்காததற்கு இதுதான் காரணம். முன்னோக்கி ஒன்று, பின்னோக்கி ஒன்று பெரியதாக வையுங்கள். பக்கவாட்டில் இரண்டிரண்டு சிறியவை போதும். பின்னோக்கித் தள்ளும் த்ரஸ்டரின் தீநாக்கு எதிரில் ட்ரில்லோ கன்வேயரோ (பொருள்களைக் கடத்தும் குழாய்) இருக்கக் கூடாது. த்ரஸ்டர் சேதம் இயக்கப்பட்ட சர்வரில் அது கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும்.

இந்த விளையாட்டில் த்ரஸ்டரை எங்கே வைத்தாலும் விசை கப்பலின் நிறை மையத்திலேயே செயல்படும். முன்பாரம், பின்பாரம் என்று கப்பல் கவிழாது. ஆனால் நிரம்பிய கப்பல் திரும்ப நேரமாகும். கப்பலைத் திருப்பும் கைரோஸ்கோப் நான்கு வையுங்கள். மந்தமாக இருந்தால் இன்னும் இரண்டு சேர்க்கலாம்.

மின்சாரம்: பெரிய அட்மாஸ்ஃபெரிக் ஒன்று முழு வேகத்தில் 2.4 மெகாவாட் இழுக்கும். முழுச் சுமையில் அந்தரத்தில் நிற்கவே 5.4 மெகாவாட். சிறிய கிரிட்டின் பேட்டரி ஒன்று 4 மெகாவாட் வரை வெளியே தரும், 1 மெகாவாட்-மணி சேமிக்கும். மூன்று பேட்டரி என்றால் 12 மெகாவாட். சராசரி 4 மெகாவாட் செலவில் முக்கால் மணி நேரம் பறக்கும். ஏரி தளத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் ஒன்றிரண்டு நடைக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும்.

ஹைட்ரஜன் அறுவடைக் கப்பலை ஹைட்ரஜன் த்ரஸ்டரிலேயே ஓட்டினால் என்ன என்று கேட்பார்கள். சிறிய கிரிட்டின் பெரிய ஹைட்ரஜன் த்ரஸ்டர் 480 கிலோநியூட்டனுக்கு வினாடிக்கு 386 லிட்டர் குடிக்கும். 50 டன் கப்பல் 1 ஜியில் சும்மா மிதக்கவே வினாடிக்கு 394 லிட்டர். நான்கு சிறிய கிரிட் ஜெனரேட்டரின் மொத்த விளைச்சலும் அதற்கே போய்விடும். ஐந்து நிமிடம் மிதந்தால் 1,18,000 லிட்டர், ஒரு டேங்கில் ஏறக்குறைய கால் பங்கு. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. எரிபொருளைத் தின்பது வேகம் அல்ல, மிதப்பு. 25 டன் சுமையைப் பூஜ்யத்திலிருந்து 100 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக சுமார் 2,000 லிட்டர்தான் செலவு. அதே 25 டன்னை 1 ஜியில் ஒரு நிமிடம் தூக்கிப் பிடிக்க 11,800 லிட்டர். ஆகவே ஈர்ப்புக்குள் எந்தக் கப்பலானாலும் வேலை இல்லாத நேரத்தில் இறங்கி, கியரைப் பூட்டி, த்ரஸ்டரை அணைத்துவிடுங்கள். நிலவில் ஈர்ப்பு கால் ஜிதான். அங்கே அதே 50 டன்னுக்கு வினாடிக்கு 99 லிட்டர் போதும், ஹைட்ரஜன் த்ரஸ்டர் கட்டுப்படியாகும். ஆனால் அங்கே காற்று இல்லாததால் மின்சாரத்தில் ஓடும் அயான் த்ரஸ்டர் முழு பலத்தோடு இயங்கும். சிறிய கிரிட்டின் பெரிய அயான் ஒன்று 172.8 கிலோநியூட்டன். 50 டன்னைத் தாங்க 123 போதும் என்பதால் நிலவுக் கப்பலுக்கு நான் அயானையே சொல்வேன். இதே அயான் பூமியின் காற்றுக்குள் பெரும்பகுதி பலத்தை இழந்துவிடும். ஒரே கப்பலை இரண்டு இடத்துக்கும் வைத்துக்கொள்ள முயல வேண்டாம்.

ஆனாலும் அறுவடைக் கப்பலில் இரண்டு ஜெனரேட்டரும் ஒரு சிறிய ஹைட்ரஜன் இன்ஜினும் இருக்கட்டும். விற்க அல்ல, உயிர் பிழைக்க. பேட்டரி தீரப் போகிறது என்றால் ஏற்றிய ஐஸே எரிபொருளாகிவிடும். ஜெனரேட்டருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி முழுவதும் செத்த பின் இந்த வழி திறக்காது. பத்து சதவீதம் இருக்கும்போதே இறங்கி இன்ஜினைப் போடுங்கள். ஜெனரேட்டர் கன்வேயர் வழியே ஐஸைத் தானே இழுத்துக்கொள்ளும். தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள். அதே ஐஸில் ஆக்சிஜனும் கிடைக்கும். அதைச் சேமிக்க டேங்க் இல்லாவிட்டால் ஹைட்ரஜன் உற்பத்தி நின்றுவிடாது, பயப்பட வேண்டாம்.

கல் கலப்பது அடுத்த தொல்லை. ஏரியின் ஐஸ் அடுக்கு முடிந்ததும் கீழே கல் வரும். கன்டெய்னரில் பாதி கல்லோடு திரும்பினால் அந்த நடை பாதி வீண். பொருள்களைப் பிரித்து அனுப்பும் சார்ட்டர் ஒன்றில் கல்லை மட்டும் அனுமதித்து, கல் எல்லாவற்றையும் இழுக்கும்படி வைத்து, வெளியே எறியும்படி அமைத்த கனெக்டரோடு (கப்பல்களை இணைத்துச் சரக்கு மாற்றும் பாகம்) இணைப்பது வழக்கமான தீர்வு. பொதுச் சர்வரில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எறியும் ஒவ்வொரு கல்லும் மிதக்கும் பொருளாகி எல்லோருடைய ஆட்டத்தையும் மந்தமாக்கும். அதைவிட, கல் தென்பட்டதும் பக்கத்துக்கு நகருங்கள். ஏரி பெரியது. கல்லை விலக்கியே ஆக வேண்டிய இடத்தில் வலது மவுஸ் பொத்தானால் வெட்டினால் ட்ரில் சேகரிக்காமல் துப்புரவாக்கும். அதனாலேயே ஆழமாகத் தோண்டாமல் அகலமாக, மேலாக வெட்டிக்கொண்டு போவது எல்லா வகையிலும் நல்லது. குழிக்குள் போன கப்பல் சுவரில் மோதும், நெட்வொர்க் தாமதம் உள்ள சர்வரில் கட்டாயம் மோதும்.

உரிமை அமைப்பு சின்ன விஷயம், ஆனால் தவறினால் கப்பல் பயன்படாது. கனெக்டர், கன்டெய்னர், காக்பிட் எல்லாவற்றையும் ஃபேக்‌ஷனோடு பகிரும்படி மாற்றிவிடுங்கள். கட்டியவர் ஆஃப்லைனில் இருக்கும்போதும் மற்றவர் ஓட்ட வேண்டும் அல்லவா.

இப்போது டேங்கர். தளத்தின் பெரிய டேங்க் 1.5 கோடி லிட்டர் பிடிக்கும். பெருக்கி 1 உள்ள சர்வரில் அதை நிரப்ப 18 நடை, 3 என்றால் ஆறு நடை. அங்கிருந்து விண்வெளிக்கு ஹைட்ரஜன் கொண்டுபோகும்போதுதான் வாயுவின் எடையின்மை கைகொடுக்கும். பூமி போன்ற கோளின் ஈர்ப்பைத் தாண்ட சுமார் 40 கிலோமீட்டர் ஏற வேண்டும், 100 மீட்டர் வேகத்தில் ஏழு நிமிடம் போல. அவ்வளவு நேரமும் ஐஸைத் தூக்கிப் பிடிப்பதற்குப் பதில், தளத்திலேயே பிரித்து டேங்கில் ஏற்றினால் சரக்குக்கு எடையே இல்லை. கப்பலின் சொந்த எடைக்கு மட்டும் எரிபொருள் செலவாகும். டேங்கரில் ட்ரில் வேண்டாம், கன்டெய்னர் வேண்டாம். டேங்குகள், ஹைட்ரஜன் த்ரஸ்டர்கள், ஒரு கனெக்டர். டேங்குகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பெயரிடுங்கள்: ஓட்டத்துக்கு ஒன்று, மீதி சரக்கு. சரக்கு டேங்குகளில் ஸ்டாக்பைல் நிலையை இயக்கிவிட்டால் அவை வாயுவை வாங்கும், கொடுக்காது. பயணத்தில் த்ரஸ்டர் சரக்கைக் குடிக்க முடியாது. நிரம்பிய டேங்க் அடிபட்டால் வெடிக்கும் என்பதால் காக்பிட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள்.

இந்த ஸ்டாக்பைல்தான் டேங்கர்கள் விழுவதற்கும் முக்கியக் காரணம். தளத்தில் நிரப்பும்போது கப்பலின் எல்லா டேங்கிலும் ஸ்டாக்பைல் இயக்கத்தில் இருக்கும், பேட்டரி ரீசார்ஜ் நிலையில் இருக்கும். அப்படியே கனெக்டரைக் கழற்றினால் ஓட்ட டேங்க் வாயு தராது, பேட்டரி மின்சாரம் தராது. கப்பல் கல் போல விழும். புறப்படும் வரிசையை ஒரு டைமர் பிளாக்கில் (பல செயல்களை ஒன்றாக இயக்கும் பாகம்) போட்டு ஒரே பொத்தானுக்குக் கட்டிவிடுங்கள்: பேட்டரி ஆட்டோ நிலைக்கு, ஓட்ட டேங்கின் ஸ்டாக்பைல் அணைப்பு, த்ரஸ்டர் இயக்கம், கடைசியாகக் கனெக்டர் கழற்றல். இறக்கும் இடத்தில் எதிர்மாறு: நிலையத்தின் டேங்கில் ஸ்டாக்பைல் இயக்கம், கப்பலின் சரக்கு டேங்கில் அணைப்பு. இரண்டு பக்கமும் இயக்கத்தில் இருந்தால் வாயு அசையாது, கனெக்டர் பழுது என்று நினைத்துக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு கப்பலையும் சர்வரில் கட்டும் முன் தனியாக கிரியேட்டிவ் உலகம் (பொருள் தட்டுப்பாடு இல்லாத ஆட்ட முறை) ஒன்றில், சர்வரின் அதே பெருக்கியை வைத்து, கட்டிப் பாருங்கள். அறுவடைக் கப்பலின் கன்டெய்னரையும் ஆறு ட்ரில்களையும் முழுக்க ஐஸால் நிரப்புங்கள். தரையிலிருந்து எழுப்புங்கள், 100 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோங்கள், கையை எடுத்துவிட்டு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கிய த்ரஸ்டர்களில் ஒன்றை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். மீதி இரண்டும் முழுச் சுமையைத் தாங்காது என்று கணக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது. எத்தனை டன்னை இறக்கினால் தாங்குகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல்-பி (Ctrl+B) அழுத்தி ப்ளூபிரின்ட்டைச் (கப்பலின் வரைபடத்தை) சேமித்து, சர்வரில் அதைக் காட்டும் ப்ரொஜெக்டர் வைத்துக் கட்டுங்கள்.